கடைசி வரிசைக்கு வார்த்தை எப்படிப் போய்ச் சேருகிறது?

கோயில் கொடை. இரவு எட்டு மணி, திடலில் பட்டிமன்றம். நடுவர் ஒரு மாமியார் மருமகள் கதையைச் சொல்லி முடிக்கிறார். முன்வரிசை குலுங்கிச் சிரிக்கிறது. நடுவில் உட்கார்ந்திருப்பவர்கள், முன்னால் சிரிக்கிறார்களே என்று சிரிக்கிறார்கள். கடைசியில், டீக்கடைப் பக்கம் பைக்கில் சாய்ந்து நிற்பவர் பக்கத்து ஆளைக் கேட்கிறார்: "என்னவாம்?"

அவருக்குக் காது மந்தமில்லை. சத்தம் நன்றாகவே வருகிறது. வார்த்தைதான் வரவில்லை. விழாக் கமிட்டியில் ஒருவர் எழுந்து போய் மைக்செட்காரரிடம், "பின்னால கேக்கலையாம், கொஞ்சம் கூட்டுங்கண்ணே" என்கிறார். கூட்டுகிறார். மைக் கூவுகிறது. முன்வரிசைப் பாட்டி சேலைத் தலைப்பால் காதைப் பொத்துகிறார். திரும்பவும் குறைக்கிறார். ராத்திரி முழுக்க இந்த விளையாட்டு நடக்கும்.

படிக்கிற காலத்தில் லீவு நாட்களில் ஒரு சவுண்ட் சர்வீஸ்காரரோடு வயர் சுற்றப் போயிருக்கிறேன். மைக்குகளின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்சரில் உட்கார்ந்து குமிழைத் திருப்புவதுதான் வேலை என்று முதல் வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் எட்டு மணிக்கு டீக்கடைப் பக்கம் நிற்பவர் "என்னவாம்" என்று கேட்பது சாயங்காலம் நாலு மணிக்கே முடிவாகிவிடுகிறது. குட்டியானையிலிருந்து ஸ்பீக்கர் பாக்ஸை இறக்கி எங்கே வைத்தோம், எவ்வளவு உயரத்தில், எந்தப் பக்கம் பார்த்து என்பதிலேயே பாதிக்கு மேல் தீர்ந்துபோகும். மிக்சரால் மீதியைத்தான் ஒப்பேற்ற முடியும்.

கமிட்டிக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "எத்தனை பாக்ஸ்? எத்தனை வாட்ஸ்?" போன வருஷம் ஆயிரம் வாட்ஸ், இந்த வருஷம் இரண்டாயிரம் என்றால் சத்தம் இரண்டு மடங்காகும் என்று நம்பிக்கை. ஆகாது. வாட்ஸை இரட்டிப்பாக்கினால் கூடுவது, சத்தத்தை அளக்கிற கணக்கில், 3 டெசிபல். கவனித்துக் கேட்டால் தெரியும், அவ்வளவே. காதுக்கு இரண்டு மடங்கு சத்தம் என்று தோன்ற வேண்டுமென்றால் ஏறத்தாழ 10 டெசிபல் கூட வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட்ஸ் தேவை. ஆயிரத்தைப் பத்தாயிரம் ஆக்க எந்தக் கமிட்டியிடமும் வரவு செலவில் இடமில்லை.

தூரக் கணக்கு இதைவிட முக்கியம். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் சத்தம் 6 டெசிபல் குறைகிறது. நம் திடலில் முதல் வரிசை பாக்ஸிலிருந்து 4 மீட்டர், கடைசி வரிசை 64 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 4, 8, 16, 32, 64. நான்கு இரட்டிப்பு, 24 டெசிபல் இழப்பு. திருவிழாத் திடலின் இரைச்சலே 60, 65 டெசிபல் இருக்கும். ராட்டினம், பலூன்காரர் விசில், குழந்தைகள், ஜெனரேட்டர். அதற்கு மேல் வார்த்தை துலங்க வேண்டுமானால் கடைசி வரிசையில் 75 டெசிபலாவது வேண்டும். அப்படியானால் முதல் வரிசையில் 99. உலக சுகாதார நிறுவனம் 2022இல் இசை நிகழ்ச்சி நடக்கும் இடங்களுக்கு வைத்த உச்ச வரம்பே 15 நிமிடச் சராசரியாக 100 டெசிபல்தான். கடைசி வரிசையில் நிற்பவருக்குப் பட்டிமன்றம் கேட்பதற்காக முன்வரிசைப் பாட்டி ராக் கச்சேரி அளவுச் சத்தத்தில் மூன்று மணி நேரம் உட்கார வேண்டியிருக்கிறது.

சரி, அதே பாக்ஸை ஐந்து மீட்டர் தூக்கிக் கட்டிப் பார்ப்போம். முதல் வரிசைக்கு நேர்க்கோட்டுத் தூரம் 4லிருந்து சுமார் 6.4 மீட்டர் ஆகிறது. கடைசி வரிசைக்கு 64.2. அங்கே பெரிய மாற்றமில்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 24இலிருந்து 20 டெசிபலாக இறங்கிவிட்டது. அப்புறம் பாக்ஸின் முகத்தைக் கடைசி வரிசையைப் பார்த்துச் சாய்த்தால், முன்வரிசை அதன் நேர்ப்பார்வையிலிருந்து விலகி மோவாய்க்குக் கீழே வந்துவிடும். அங்கே இன்னும் சில டெசிபல் தானாகவே குறையும். ஒரு ரூபாய் கூடுதல் வாட்ஸ் இல்லாமல், சாரக் கம்பும் கயிறும் செய்த வேலை இது. (கட்டுகிறவர் தெரிந்தவராக இருக்க வேண்டும். நாற்பது கிலோ பாக்ஸ் ஜனங்களின் தலைக்கு மேலே நிற்கப் போகிறது. காற்று அடித்தால் ஆடக் கூடாது. ஒரு கயிறு அறுந்தால் தாங்க இன்னொரு சங்கிலி வேண்டும்.)

பாக்ஸைத் தரையில் வைப்பதில் இன்னொரு கெடுதல் உண்டு. அதைச் சொன்னால்தான் வார்த்தை ஏன் வழியில் தொலைகிறது என்பது புரியும். பேச்சில் உயிரெழுத்துகளுக்குத்தான் சத்தம் அதிகம். ஆ, ஓ, ஊ எல்லாம் கீழ் அலைவரிசையில், கனமாக வருபவை. மெய்யெழுத்துகள் மெலிந்தவை. க, ச, ட, த, ப இவற்றுக்கு இடையிலான வித்தியாசம் பெரும்பாலும் 2000 ஹெர்ட்ஸுக்கு மேல் (நொடிக்கு இரண்டாயிரம் அதிர்வுக்கு மேல்), ஒரு நொடியின் நூற்றில் சில பங்கு நேரத்தில் வந்து போகிற சின்ன வெடிப்பில் இருக்கிறது. கனமான கீழ் அலை தலைகளைச் சுற்றி வளைந்து போய்விடும். மேல் அலை நேர்க்கோட்டில்தான் போகும். முன்னால் ஒரு தலை இருந்தால் அதில் முட்டி நின்றுவிடும், சேலையும் சட்டையும் மிச்சத்தை உறிஞ்சிக்கொள்ளும். தூரம் போகப் போகக் காற்றும் மேல் அலையைத்தான் அதிகம் தின்கிறது. ஆக, தரையில் வைத்த பாக்ஸிலிருந்து டீக்கடைக்கு உயிர் போய்ச் சேர்கிறது, மெய் நடுவழியில் விழுந்துவிடுகிறது. அங்கே நிற்பவருக்குக் கேட்பது "ஆயிஆர் ஆஓ" போன்ற ஒரு முனகல். அதைக் கூட்டினால் முனகல்தான் பெரிதாகும்.

ஒலிபெருக்கி வந்த காலத்திலிருந்தே இது இருக்கிற தொல்லை. பீட்டர் ஜென்சனும் எட்வின் பிரிதாமும் 1915 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சான் ஃபிரான்சிஸ்கோ நகர மன்றத்தின் முன்னால் பெருங்கூட்டத்துக்குப் பாட்டும் பேச்சும் ஒலிபெருக்கியில் கேட்க வைத்தார்கள். அதற்கு முன்பெல்லாம் தொண்டையும் கருவியும்தான் தூரத்தைச் சமாளித்தன. நம் நாதஸ்வரமும் தவிலும் தேரோடும் வீதிக்கென்று பிறந்தவை. அவற்றுக்குத் திடல் ஒரு பொருட்டே இல்லை. கிட்டப்பா காலத்து நாடகக்காரர்கள் மேல் சுருதியில் பாடியதற்கு, கடைசி ஆள் வரை மைக் இல்லாமல் போய்ச் சேர வேண்டும் என்பதும் ஒரு காரணம். இன்றைக்கு மண்டபத்துக்குள் தவிலுக்கு முன்னால் மைக் வைத்து, அதை இரண்டு பாக்ஸில் திருப்பிவிடுகிற கல்யாண வீடுகளைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். அந்த மண்டபத்தில் தவிலைக் குறைக்கத்தான் வழி தேட வேண்டும்.

தூரத்தைச் சமாளிக்க நம் ஊரில் ஒரு பழைய வழி இருந்தது. கம்பத்துக்குக் கம்பம் குழாய் ஸ்பீக்கர். தெரு முழுக்க, ஊர் எல்லை வரைக்கும். எல்லோருக்கும் பக்கத்திலேயே ஒரு குழாய் இருப்பதால் சத்தத்துக்குக் குறைவில்லை. ஆனால் பேச்சு புரியாது, வார்த்தை இரண்டு மூன்றாக வந்து விழும். காரணம் ஒலியின் நடை. முப்பது டிகிரி வெப்பத்தில் ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். மின்சாரம் வயரில் போவதற்கு நேரமே ஆகாது. ஆகவே உங்கள் பக்கத்துக் கம்பத்துக் குழாய் சொன்ன வார்த்தையை, 35 மீட்டர் தள்ளியுள்ள குழாய் பத்தில் ஒரு விநாடி கழித்து வந்து சொல்லும். 70 மீட்டர் தள்ளியுள்ளது அதன் பின் இன்னும் ஒரு முறை. வேகமாகப் பேசுகிறவர் ஒரு விநாடிக்கு ஆறேழு அசை பேசுகிறார். முதல் அசை முடியும் முன்பே அதன் நகல் அடுத்த அசையின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது.

இதற்குத் தீர்வு பின்னால் உள்ள ஸ்பீக்கரைக் கொஞ்சம் காத்திருக்க வைப்பது. மேடையிலிருந்து கிளம்பிய ஒலி நடந்து வந்து சேருகிற அதே நேரத்தில் பின் ஸ்பீக்கரும் வாய் திறந்தால் இரண்டும் ஒரே குரலாகிவிடும். 1973 ஜூலையில் அமெரிக்காவின் வாட்கின்ஸ் கிளென் பந்தயத் திடலில் ஆறு லட்சம் பேர் கூடியதாகச் சொல்லப்படும் கச்சேரியில் இதைப் பெரிய அளவில் செய்தார்கள். கூட்டத்தின் நடுவே கோபுரங்கள் நிறுத்தி, அவற்றுக்குப் போகும் ஒலியை எண்ணியல் கருவியால் தாமதப்படுத்தினார்கள். அதற்கு எட்டு வருஷம் முன்பு, 1965இல், நியூயார்க் ஷே ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் ஐம்பத்தைந்தாயிரம் பேருக்குப் பாடியபோது, பேஸ்பால் ஆட்டத்துக்கு அறிவிப்புச் சொல்கிற ஸ்பீக்கர்களில்தான் பாட்டுப் போனது. கூட்டத்தின் கூச்சலில் பாடியவர்களுக்கே தங்கள் பாட்டு கேட்கவில்லை.

வாட்கின்ஸ் கிளென்னில் தனிக் கருவியாக வந்த அந்த வசதி இன்றைக்குச் சாதாரண டிஜிட்டல் மிக்சரிலேயே இருக்கிறது. ஆனால் பலர் தொடுவதில்லை. நம் திடலுக்கு அதைப் போட்டுப் பார்ப்போம். மேடையிலிருந்து 32 மீட்டரில், திடலின் நடுவே இரு பக்கமும் ஒவ்வொரு சின்ன பாக்ஸ், பின்வரிசையைப் பார்த்து. 32ஐ 350ஆல் வகுத்தால் 91 மில்லி விநாடி. அதோடு பத்துப் பன்னிரண்டு மில்லி விநாடி கூட்டி, 103 என்று போட வேண்டும். அந்தக் கூடுதல் எதற்கு என்றால், ஹெல்முட் ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1949இல் தன் ஆய்வில் காட்டிய ஒரு விஷயம். ஒரே ஒலி இரண்டு இடத்திலிருந்து சில மில்லி விநாடி இடைவெளியில் வந்தால், முதலில் வந்த திசையிலிருந்துதான் வருகிறது என்று மூளை முடிவு கட்டிவிடும். பின்னால் வந்தது கொஞ்சம் சத்தமாக இருந்தாலும் அப்படித்தான். ஆக, டீக்கடைப் பக்கம் நிற்பவருக்கு வார்த்தையைக் கொடுப்பது பக்கத்துப் பாக்ஸ். அவர் காது நம்புவதோ மேடையில் நிற்கிற நடுவரை. இப்போது உயரத்தில் கட்டிச் சாய்த்த மேடைப் பாக்ஸ் 32 மீட்டர் வரை போனால் போதும். முன்வரிசையில் 99 டெசிபல் என்றிருந்தது எண்பத்தைந்துக்குப் பக்கத்தில் இறங்கிவிடும்.

இங்கே ஒரு சின்ன நிம்மதியும் உண்டு. சாயங்காலம் 34 டிகிரியில் போட்ட கணக்கு நள்ளிரவில் 24 டிகிரி ஆகும்போது கெட்டுப்போகாதா என்றால், முப்பது மீட்டருக்கு இரண்டு மில்லி விநாடிகூட மாறாது. வெப்பநிலை வேறு விதத்தில் விளையாடும். பகலில் தரையை ஒட்டிய காற்று சூடாகவும் மேலே குளிர்ச்சியாகவும் இருப்பதால் ஒலி மேல்நோக்கி வளைந்து வானத்துக்குப் போய்விடுகிறது. ராத்திரியில் தரை குளிர்ந்ததும் இது தலைகீழாகிறது. மேலே போன ஒலி கீழ்நோக்கி வளைந்து தூரத்தில் வந்து இறங்குகிறது. மூன்று கிலோமீட்டர் தள்ளியுள்ள ஊரின் கச்சேரி பதினோரு மணிக்குப் படுக்கையில் தெளிவாகக் கேட்பதற்கு ராத்திரியின் அமைதி மட்டும் காரணமில்லை. அந்த ஊர் டீக்கடையில் புரியாத வார்த்தை உங்கள் வீட்டு மாடியில் புரிந்தாலும் ஆச்சரியமில்லை.

இனி மேடைக்கு வருவோம். தூரக் கணக்கு திடலில் மட்டும் இல்லை, பேசுகிறவரின் உள்ளங்கைக்குள்ளும் இருக்கிறது. வாய்க்கும் மைக்குக்கும் 5 செ.மீ. இருந்தது 10 ஆனால் அங்கேயும் 6 டெசிபல் இழப்பு. 20 ஆனால் 12. பேச்சில் சூடேறி மைக்கை நெஞ்சுக்கு இறக்கிக்கொண்டு கையை வீசுகிறவரின் குரலை மீட்க, மைக்செட்காரர் பன்னிரண்டு டெசிபல் ஏற்ற வேண்டும். ஏற்றினால் மைக் கூவும். கூவுவது ஏன்? பாக்ஸிலிருந்து வந்த ஒலி மைக்குக்குள் போய், மறுபடி பாக்ஸில் பெரிதாகி, மறுபடி மைக்குக்குள் போகிற சுழற்சி அது. எந்த அலைவரிசையில் அந்தச் சுற்று முதலில் பெருக்கம் காண்கிறதோ அதில் ஊளை கிளம்பும். பாக்ஸ் மைக்கைவிட ஜனங்கள் பக்கமாக முன்னால் இருக்க வேண்டும், பேசுகிறவருக்குப் பின்னால் இருக்கவே கூடாது என்பது இதனால்தான். மேடை சின்னது என்று பேச்சாளரின் முதுகுக்குப் பின்னால் பாக்ஸை நிறுத்துகிறவர்களுக்கு எந்த மிக்சரும் உதவாது.

1966இல் வந்த ஷூர் எஸ்எம்58 மைக் இன்றும் மேடைகளில் நிற்கிறது. அதன் கேட்கும் திறன் இதய வடிவில் இருக்கும்: முன்னால் நன்றாகக் கேட்கும், நேர்ப் பின்னால் கிட்டத்தட்டச் செவிடு. அதனால் பேச்சாளர் தன் குரலைத் தானே கேட்பதற்கான மானிட்டர் பாக்ஸை மைக்கின் வாலுக்கு நேராக வைப்பார்கள். இப்போது சில பேச்சாளர்கள், பாடகர்களைப் பார்த்து, மைக்கின் வலைத் தலையைக் கையால் பொத்திப் பிடிக்கிறார்கள். வலைக்குள்ளே உள்ள துளைகள் அடைபட்டதும் இதய வடிவம் போய்விடும்; எல்லாப் பக்கமும் கேட்க ஆரம்பிக்கும். அடுத்த கணம் ஊளை. பழி மைக்செட்காரருக்கு. பேசத் தொடங்கும் முன் மைக்கைத் தட்டிப் பார்ப்பதும் உஃப் என்று ஊதுவதும் அதே குடும்பத்து வழக்கங்கள். தட்டினால் மேடை முழுக்க வெடி வெடிக்கும். மெல்ல "வணக்கம்" சொன்னால் மைக் இருக்கிறதா இல்லையா என்பது தெரிந்துவிடுகிறது.

பட்டிமன்றத்தில் இன்னொரு வில்லங்கம், திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை. நடுவருக்கு ஒன்று, ஆறு பேச்சாளர்களுக்கு ஆறு, வரவேற்புரை சொன்னவர் மேசையில் விட்டுவிட்டுப் போனது ஒன்று. எட்டு மைக். திறந்த மைக்குகள் இரட்டிப்பாகும் ஒவ்வொரு தடவையும், கூவாமல் ஏற்றக்கூடிய அளவு 3 டெசிபல் குறைகிறது. எட்டும் திறந்திருந்தால் 9 டெசிபல் போச்சு. ஆக மைக்செட்காரரின் உண்மையான வேலை கையில் இருக்கிறது. பேசுகிறவரின் மைக்கையும் நடுவரின் மைக்கையும் மட்டும் மேலே வைத்து, மீதி ஆறையும் இறக்கிவிட வேண்டும். அடுத்தவர் குறுக்கே பாயப் போகிறார் என்பதை அவர் தோளின் அசைவைப் பார்த்தே தெரிந்துகொண்டு விரலை நகர்த்த வேண்டும். நல்ல மைக்செட்காரர் பட்டிமன்றத்தில் போனைப் பார்ப்பதில்லை, மேடையைத்தான் பார்ப்பார். நான் பார்த்த ஒருவர் மிக்சரில் எட்டு மைக்கின் குமிழுக்கும் மேலே வெள்ளை டேப்பில் பெயர் எழுதமாட்டார். "கண்ணாடி", "மீசை", "பச்சைச் சேலை" என்று எழுதுவார். பெயர் எழுதினால் மேடையில் தேட நேரமாகும் என்பார். அவசரத்தில் யார் யாரென்று தெரிய வேறு எந்த வழியும் இவ்வளவு வேகமில்லை.

பட்டிமன்றம் முடிந்து அதே செட்டில் இன்னிசைக் கச்சேரி. இங்கேதான் இரண்டு ஆசைகள் மோதுகின்றன. பாட்டுக்குக் கீழ் அலை வேண்டும், நெஞ்சில் இடிக்க வேண்டும். பேச்சுக்கு 100, 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒன்றுமே வேண்டாம். அங்கே இருப்பது மைக் ஸ்டாண்டை உதைக்கிற சத்தமும் காற்றும்தான், அதை வெட்டி எறிந்தால் வார்த்தை உடனே தெளியும். எக்கோவும் அப்படித்தான். பாட்டுக்குப் போட்ட எக்கோவை அணைக்காமல் அடுத்த பாட்டை அறிவிக்கவிட்டால், நன்கொடை கொடுத்தவர் பெயர் ஒவ்வொன்றும் கிணற்றுக்குள்ளிருந்து வரும். நன்கொடையாளர் கோபித்துக்கொள்வார், அது நியாயம்தான்.

கீழ் அலைக்கான பேஸ் பாக்ஸை மேடையின் இரண்டு பக்கமும் அழகாகப் பிரித்து அடுக்குவது நம் வழக்கம். பார்க்க லட்சணம். ஆனால் 60 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 5.8 மீட்டர். இரண்டு அடுக்குக்கும் உள்ள தூர வித்தியாசம் 2.9 மீட்டர் ஆகிற இடங்களில் ஒன்று மேலே தள்ளும்போது மற்றது கீழே இழுக்கும். பேஸ் அங்கே செத்துவிடும். நட்டநடுவில் அளவுக்கு மீறி இடிக்கும். நடுவில் உட்கார்ந்த கமிட்டித் தலைவர் "பேஸைக் குறை" என்பார், பத்தடி தள்ளி நிற்கிற இளவட்டம் "பேஸ் இல்ல" என்று கத்தும். இருவர் சொல்வதும் உண்மை. பேஸ் பாக்ஸ் எல்லாவற்றையும் மேடையின் கீழே நடுவில் ஒரே இடத்தில் அடுக்கினால் சண்டை பெரும்பாலும் தீரும்.

இப்போது லைன் அரே மோகம் வந்திருக்கிறது. கிறிஸ்டியன் ஹீல் என்ற பிரெஞ்சுக்காரர் 1992இல் கொண்டுவந்த வி-டாஸ்க் என்ற ஸ்பீக்கர் அமைப்புதான் இதற்கு வழிகாட்டி. பாக்ஸ்களை நீளமாகச் சங்கிலி போலத் தொங்கவிட்டு ஒரே கோடாக இயங்க வைத்தால், குறிப்பிட்ட தூரம் வரை இரட்டிப்புக்கு 6க்குப் பதில் 3 டெசிபல்தான் குறையும். அற்புதமான விஷயம். ஆனால் அந்தக் கோடு அலையின் நீளத்தோடு ஒப்பிடும்படி நீளமாக இருக்க வேண்டும். சின்ன பாக்ஸ் நாலைத் தொங்கவிட்டு லைன் அரே என்று பில் போடுவது, நாலு பெட்டியைக் கோர்த்துவிட்டு ரயில் என்பது போல. அந்தப் பணத்துக்கு நல்ல பாக்ஸ் இரண்டும், நடுத்திடலுக்குத் தாமதப் பாக்ஸ் இரண்டும் வாங்கிவிடலாம்.

கரண்ட் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் அதில்தான் உயிர் இருக்கிறது. சீரியல் பல்பு, ராட்டினம், ஐஸ்கிரீம் வண்டி, ஒலிப்பெருக்கி எல்லாவற்றையும் ஒரே லைனில் மாட்டினால் பாக்ஸில் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் ராத்திரி முழுக்க இருக்கும். மேடையிலும் மிக்சரிலும் வேறு வேறு எர்த் இருந்தாலும் அதே முனகல்தான். ஒலிக்கருவி எல்லாவற்றுக்கும் ஒரே இடத்திலிருந்து தனி லைன் எடுப்பது நல்லது. மூன்று ஃபேஸ் ஜெனரேட்டரில் நியூட்ரல் கழன்றால் 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400 வரை ஏறி, ஆம்ப்ளிஃபயர்கள் வரிசையாகப் புகையும். அது பணத்தோடு போகும். எர்த் இல்லாத மேடையில், மழை பெய்த தரையில் வெறுங்காலோடு நின்று கிட்டாரைப் பிடித்தபடி உதட்டை மைக்கில் வைப்பவருக்கு அப்படி இல்லை. எர்த் கம்பியை அடித்துத் தண்ணீர் ஊற்றி டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் மைக்கை யார் கையிலும் கொடுக்கக் கூடாது.

அப்புறம், போலீஸ் அனுமதி. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்கு வருஷத்தில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை மாநில அரசு தளர்த்தலாம். உச்ச நீதிமன்றம் 2005 ஜூலையில் சொன்ன தீர்ப்பு இதை இன்னும் இறுக்கியது. இந்த விதியில் பலர் கவனிக்காத ஒரு வரி உண்டு. ஒலிபெருக்கி வைக்கும் பொது இடத்தின் எல்லையில், அந்தப் பகுதிக்குரிய அளவைவிட 10 டெசிபல் வரை கூடலாம், அல்லது 75 டெசிபல், இரண்டில் எது குறைவோ அது. குடியிருப்புப் பகுதியின் பகல் அளவு 55. ஆக எல்லையில் 65. நம் கடைசி வரிசைக்கு வேண்டியது 75, அதற்குப் பின்னால் பத்தடியில் டீக்கடை, அதற்குப் பின்னால் வீடுகள். மேடையிலிருந்து ஒரே வீச்சில் எறிந்தால் கடைசி வரிசைக்கு 75 வந்த ஒலி, பத்தடி தாண்டியும் கிட்டத்தட்ட 75ஆகவே இருக்கும். அவ்வளவு தூரம் நடந்து வந்த ஒலிக்குப் பத்தடி ஒரு தூரமே இல்லை. உயரத்தில் கட்டிக் கீழே பார்த்துச் சாய்த்த சின்ன பாக்ஸ் என்றால் கடைசி வரிசைக்கு அது பக்கத்தில் இருக்கும். தாண்டியதும் வேகமாகக் குறையும். 65ஐத் தொடுமா என்பது ஊரைப் பொறுத்தது, ஆனால் அதற்கு இதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. வார்த்தை தெளிவாகக் கேட்கச் செய்கிற ஏற்பாடும் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையைத் தூங்கவிடுகிற ஏற்பாடும் ஒன்றாகவே அமைந்துவிடுகிறது.

பத்து மணி என்றால் நிகழ்ச்சி நிரலை அங்கிருந்து பின்னோக்கி எழுத வேண்டும். கச்சேரிக்கு இரண்டு மணி நேரம், பட்டிமன்றத்தை எடுத்துவிட்டு டிரம்ஸும் கீபோர்டும் மாட்ட அரை மணி, பொன்னாடை போர்த்துவதற்கு யாரும் ஒதுக்காத முக்கால் மணி. கச்சேரிக்காரர்களிடம் எத்தனை மைக், எத்தனை கருவி என்ற பட்டியலை இரண்டு நாள் முன்பே வாங்கிவைத்தால் அந்த அரை மணி அரை மணியாகவே இருக்கும். வாங்காவிட்டால், மேடையில் வந்து "தபேலாவுக்கு ரெண்டு மைக் வேணும், புல்லாங்குழல் வேற இருக்கு" என்று சொல்லும்போது எல்லா ஸ்டாண்டும் தீர்ந்திருக்கும்.

கடைசியாக, சோதனை. "ஹலோ மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ" என்பதால் மைக்கில் உயிர் இருக்கிறதா என்பதுதான் தெரியும். ஒன் சொன்னதும் அடுத்தது டூ என்று காதுக்கு முன்பே தெரியும். பாதி கேட்டால்கூட முழுதும் கேட்டதாக மூளை நிரப்பிக்கொள்ளும். நான் போன சவுண்ட் சர்வீஸ்காரர் வேறொரு வழி வைத்திருந்தார். சட்டைப்பையில் மடித்த ஒரு தாளில், ஒரே ஓசையில் ஒரு மெய் மட்டும் மாறுகிற சொற்கள்: காடு, காது, காசு. மாடு, மாது, மாசு. வீடு, வீறு, வீசு. ஒவ்வொரு வருஷமும் வரிசையை மாற்றி எழுதுவார். சாயங்காலம் ஐந்து மணிக்கு என்னை ஒரு நோட்டோடு டீக்கடைக்கு அனுப்பிவிட்டு மேடையிலிருந்து வாசிப்பார். நான் கேட்டதை எழுத வேண்டும். காலி மைதானத்தில் சரியாக வந்தாலும், ஜனம் வந்து உட்கார்ந்த பிறகு மேல் அலை குறையும் என்று பதினைந்து சொல்லில் இரண்டு தப்புக்கு மேல் விடமாட்டார்.

ஒரு வருஷம் டீக்கடையில் நின்று கத்தினேன்: "அண்ணே, காசா காதா?"

மேடையில் அவர் பதில் சொல்லவில்லை. மைக்கை ஸ்டாண்டில் செருகிவிட்டு இறங்கி வந்து, சாரத்தில் ஏறி, வலது பாக்ஸை இரண்டு விரற்கடை கீழே சாய்த்துக் கட்டிவிட்டு, மறுபடி ஏறி முதலிலிருந்து வாசிக்க ஆரம்பித்தார்.